ஒரே நம்பர்

"இது பட்டாள வண்டியில்ல சாரே, அவியலாக்கும்," என்றார் ராபின்சன்.

சுற்றி நின்ற பழைய வண்டி கிளப்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சதாசிவன் சார் மட்டும் சிரிக்கவில்லை. தன் பைக்கின் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றார்.

பாறசாலையில் ராபின்சனின் டைல்ஸ் கடை முற்றம் அது. ஞாயிறு ஆராதனை முடிந்து, குடியரசு தின ஊர்வலத்தைப் பற்றிப் பேசக் கூடியிருந்தார்கள். ஊர்வலத்தில் முதலில் போவது எப்போதும் ராபின்சனின் பி.எஸ்.ஏ.தான். உலக யுத்தத்துக்குப் போன பட்டாள பைக். பட்டாளம் ஏலம் விட்ட வண்டிகளை வாங்கியவர்கள் ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் பூட்டி ஓட்டித் தீர்த்துவிட்டார்கள். எஞ்சினிலும் சேஸிஸிலும் ஒரே நம்பரோடு மிஞ்சியது தன் வண்டி மட்டும்தான் என்று ராபின்சன் சொல்லாத நாளில்லை. அந்தப் பெருமையில்தான் அவரை கிளப்புக்குத் தலைவராகவே ஆக்கினார்கள்.

சதாசிவன் சார் குன்னத்துகால்காரர். வில்லேஜ் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமா விட்டுப்போன பைக்கை எப்படியோ ஓட வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"ராபின்சா, உன்கிட்ட தனியா ஒரு காரியம் பேசணும்," என்றுதான் வந்ததும் சொன்னார்.

தனியாகவாம். ஊர்வலத்தில் சேர்க்கச் சொல்லி சிபாரிசுதான், வேறென்ன? ராபின்சனுக்கு ஆட்களை வைத்துக்கொண்டு பேசுவதே பிடிக்கும்.

"முதல்ல வண்டியப் பாப்போம் சாரே. லேய் சிஜு, டார்ச் எடு."

பார்க்கப் பார்க்க அவருக்குக் குஷி ஏறியது.

"டேங்க் என்ஃபீல்டுக்குள்ளது. முன்வீல் ஜாவாவுக்குள்ளது. சீட்டு ஏதோ ஸ்கூட்டர்லேந்து எடுத்து வச்சிருக்கு. பச்சை பெயின்ட் மட்டும்தான் பட்டாளம்."

மறுபடியும் சிரிப்பு.

"எஞ்சின் பி.எஸ்.ஏ. மாதிரி இருக்குல்லா அண்ணா?" என்றான் கடைப் பையன் சிஜு.

"நம்பரப் பாத்தா தெரிஞ்சுட்டுப் போவுது."

குனிந்து, எஞ்சினில் படிந்திருந்த அழுக்கைத் துணியால் துடைத்து டார்ச் அடித்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன.

ராபின்சன் சட்டென்று டார்ச்சை அணைத்தார்.

அது அவருடைய வண்டியின் சேஸிஸ் நம்பர். அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும் நம்பர். தன் எஞ்சினில் வேறு ஏதோ நம்பர் இருந்ததும், அதை அரத்தால் தேய்த்துவிட்டு இதை அவரே பஞ்ச் வைத்து அடித்ததும் அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. மனைவி ஜெஸிக்குக்கூடத் தெரியாது. இப்போது அசல் எஞ்சின் சொந்தக் காலில் நடந்து வந்து அவர் முற்றத்திலேயே நிற்கிறது.

"என்ன நம்பர் அண்ணா?"

"தேஞ்சு போச்சு. ஒண்ணும் வாசிக்க முடியல்ல." கட்டைவிரலால் அழுக்கை மறுபடியும் இழுத்துப் பூசினார். பயம் வந்ததால் குரலும் ஏறியது. "இதக் கொண்டு ஊர்வலத்துல விட்டா பழைய இரும்பு விக்குத ஆக்கிரிக்கடை ஊர்வலம்னு சொல்லிருவாவ சாரே. கொண்டு போங்க."

சதாசிவன் சார் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கிளப்காரர்களைப் பார்த்தார்.

"சரி மக்கா. பிறகு பேசலாம்," என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையிலேயே ராபின்சன் குன்னத்துகாலுக்குப் போனார். யாராவது அந்த நம்பரைப் படிப்பதற்கு முன் எஞ்சினைக் கைப்பற்றிவிட வேண்டும். படித்தால் தலைவர் பதவியும் போகும், மானமும் போகும். வழியெல்லாம் ஒரு பொய்யைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சதாசிவன் சார் வீட்டு ஷெட்டில் பைக் வயிறு காலியாக நின்றது. கழற்றிய எஞ்சின் கீழே சாக்கின்மேல் இருந்தது. சார் அதை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நேத்து கொஞ்சம் கூடுதலா பேசிட்டேன் சாரே," என்று ஆரம்பித்தார் ராபின்சன். "இந்த எஞ்சின் ஒண்ணுக்கும் ஆகாது. ஒங்களுக்கு எதுக்கு தொந்தரவு? எனக்குத் தாங்க, கடையில சும்மா காட்சிக்கு வச்சுக்கிடுதேன்."

சொல்லும்போதே தன் குரல் தனக்கே அருவருப்பாக இருந்தது.

"எடுத்துட்டுப் போ மக்கா. உனக்காகத்தானே கழட்டுனேன்," என்றார் சார், தலை நிமிராமலே. "உனக்க வண்டியில இருக்குத எஞ்சின எனக்குத் தா. எனக்கு வண்டி ஓடுனா போரும்."

ராபின்சனுக்குப் புரியவில்லை. அதற்குள் சாரின் மனைவி விலாசினி சாயாவோடு வந்துவிட்டார். டம்ளரைத் திண்டில் கொஞ்சம் சத்தமாகவே வைத்தார்.

"எஞ்சினத் தரத்தானே நேத்தும் அங்க வந்தாரு. போன வருஷ ஊர்வலத்துலயே உங்க வண்டி நம்பரும் இந்த எஞ்சின் நம்பரும் ஒண்ணுன்னு பாத்துட்டு வந்து எங்கிட்ட சொன்னாரு."

"விலாசினி, நீ உள்ள போ," என்றார் சார்.

அவர் போகவில்லை.

"அத்தன பேரு சிரிச்சாவல்லா, அந்த நம்பர ஒருக்கா உரக்க வாசிச்சிருந்தா போராதான்னு ராத்திரி கேட்டேன். வாசிச்சா ராபின்சன் பிறகு மொகத்த எங்க கொண்டு வைப்பான்னு எங்கிட்டயே திருப்பிக் கேக்குதாரு."