கேகிலா ஊர்க் கதவு

அவர்கள் மூட்டை முடிச்சோடு கதவை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

தாவீதின் ஆட்கள். அறுநூறு பேர்.

பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்து, ஒருத்தனையும் வெளியே விடாதே என்று ஊர்ப் பெரியவர்கள் காவல்காரனிடம் சொல்லிவிட்டுப் போய் ஒரு நாழிகைகூட ஆகவில்லை. அவனும் சரி என்று தலையாட்டியிருந்தான்.

வெயில் இன்னும் சாயவில்லை.

கேகிலாவுக்கு வாசல் ஒன்றுதான். காவலுக்கும் அவன் ஒருத்தன்தான். குறுக்குக் கட்டை கைக்கெட்டும் தூரத்தில் சாய்ந்து கிடந்தது. கை போகவில்லை.

போன மாதம் பகைவரான பெலிஸ்தர் நெற்றடிக்கும் களத்தில் புகுந்து தானியத்தை அள்ளினார்கள். ஊரில் ஒரு ஆம்பளை வெளியே தலை காட்டவில்லை. அவனும்தான். இந்த அறுநூறு பேர்தான் எங்கிருந்தோ ஓடி வந்து அடித்து விரட்டினார்கள்.

இப்போது தாவீதைப் பிடிக்கச் சவுல் ராஜா படையோடு வருகிறான். கொடுக்காவிட்டால் ஊரைக் கொளுத்துவான்.

கொடுத்துவிடலாம் என்றார்கள் பெரியவர்கள். ஏழு பேர் கூடிப் பேசியது. எட்டாவதாக அவனுக்கு மட்டும் தெரியும். பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை.

அறுநூறு பேரும் வரிசையாக அவனைத் தாண்டிப் போனார்கள்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஒருத்தன் மட்டும், "உங்க ஊரு ரொட்டி ருசிதான் பெரியவரே" என்றான். பின்னால் வந்தவன்கூடச் சிரிக்கவில்லை.

கடைசியாக அசரேல் வந்தான். களத்துச் சண்டையில் இரண்டு விரலைப் பறிகொடுத்தவன். அன்றைக்கு அவன் நின்று காத்தது இந்தக் காவல்காரனுடைய கோதுமைக் குவியலை.

மூட்டையைக் கீழே இறக்கினான்.

"ஒரு கை குடுங்க பெரியவரே. தலைக்கு ஏத்தணும்."

ஆளுக்கொரு பக்கம் குனிந்து பிடித்தார்கள்.

"என்னப்பா, திடுதிப்புன்னு கிளம்பிட்டீங்க?"

கேட்டவனுக்கே தன் குரல் பிடிக்கவில்லை.

"இந்த ஊர்க்காரங்க எங்களைப் பிடிச்சுக் குடுப்பாங்களான்னு தாவீது அண்ணன் கர்த்தர்கிட்ட கேட்டாரு. குடுப்பாங்கன்னு பதில் வந்துச்சு."

முதலில் அவனுக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் செய்யவே இல்லையே! எந்தப் பயல் போய் ஓதினான்? ஏழு முகத்தையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். ஏழு பேரும் சொல்லக்கூடியவர்கள்தான். ஆனால் அவர்களும் இவனைப் போலவே பயந்து கிடந்தவர்கள். வெளியே ஒரு வார்த்தை போயிருக்காது.

அப்படியானால் நிஜமாகவே கர்த்தர்தான் சொல்லியிருக்கிறார்.

மூட்டை இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இன்னும் ஒரு முழம் தூக்கியிருக்கலாம்.

"பேரு ஏதும் சொன்னாரா?"

அசரேல் அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தான்.

ரொம்ப நேரம் பார்த்தான்.

"ஊரைத்தான் சொன்னாரு."

மூட்டையை அவன் பிடியிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டான். முழங்காலை முட்டுக் கொடுத்து, பல்லைக் கடித்து, தானே தலைக்கு ஏற்றிக்கொண்டு நடந்தான்.

காவல்காரனின் இரண்டு கையும் பிடித்த வாக்கிலேயே நின்றன.