மறுப்புப் பாடத்தில் ஐந்தாம் முறை

மாவட்டப் பேச்சுப்போட்டியில் முதல் பரிசு வாங்கிய ஒன்பதாம் வகுப்பு ஜெஸிந்தா, தவறான அழைப்புகளை மறுக்கப் பழக்கும் பள்ளியின் மறுப்புப் பாடத்தில் மட்டும் நான்கு முறை தோற்றுவிட்டாள். ஏனென்று அவளுக்குப் புரியவில்லை. இதில் தேறாதவர்களை வெளியூர் இறகுப்பந்து முகாமுக்கு அனுப்பமாட்டார்கள்.

நான்காம் முறையும், சோதனை அறையில் இருந்த பேசும் பயிற்சிப் பொம்மை, கோச் ஒருவரின் குரலில் அன்பாகத்தான் கேட்டது.

"எல்லாரும் போகட்டும்மா. நீ மட்டும் கொஞ்சம் என் ரூமுக்கு வா."

"அம்மா தேடுவாங்க சார்."

"நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"மழை வர்ற மாதிரி இருக்கு சார்."

"கார்ல விட்டுடறேன்."

"பசிக்குது சார்."

"பிரியாணி வாங்கி வச்சிருக்கேன்."

அறை வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது; மறுபடியும் தோல்வி.

அடுத்து நின்ற தோழி பர்வீன் சிரித்தாள். "அடியே, நீ மாட்டேன்னு சொல்லவே இல்லையே. ஒவ்வொரு காரணமா எடுத்துக் குடுக்குற. அதுவும் ஒவ்வொண்ணா தீர்த்து வைக்குது. பட்டிமன்றமா நடத்துற?"

ஐந்தாம் முறை பொம்மை அதே அன்போடு கூப்பிட்டது.

"வரமாட்டேன்."

"ஏம்மா?"

ஏழெட்டுக் காரணங்கள் நாக்கு நுனிவரை வந்தன. ஜெஸிந்தா வாயை மூடிக்கொண்டாள். நேராக வெளியே போய், நடந்ததை அப்படியே வகுப்பாசிரியை செல்வமேரியிடம் சொன்னாள்.

பச்சை விளக்கு எரிந்தது. அவள் காரணம் எதுவும் சொல்லாததால், தீர்த்து வைக்கப் பொம்மைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.