பூச்சி பிடித்த மகராசி

“இந்த அலமாரி முழுக்க ஒரே ஒரு அம்மா பிடிச்சுக் குடுத்த பூச்சிங்க. சாருக்கு அவங்கமேல எவ்வளவு மரியாதை தெரியுமா!”

வெளியூரிலிருந்து வந்திருந்த ஆராய்ச்சிக்காரி, எதிரே நிற்பது யாரென்று தெரியாமல் வாய் நிறையச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த சாரின் பெண்டாட்டிக்கு வயிறு எரிந்தது.

அவள் வந்ததென்னவோ, கணவர் வீட்டில் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்கத்தான். அந்த அருங்காட்சியகத்தில் பூச்சிப் பிரிவு அவர் பொறுப்பு. மேலதிகாரி கூப்பிட்டார் என்று மாடிக்குப் போயிருந்தார்.

வீட்டிலும் அவருக்கு அதே பித்துதான். “இந்தா, விட்டில் வந்திருக்கு பார், பாட்டிலைக் கவிழ்த்து மூடு” என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டிக்குப் பெயரே ‘இந்தா’தான்.

அப்படிப்பட்ட மனிதருக்கு இன்னொருத்திமேல் மரியாதையாமே!

“யாருங்க அந்த அம்மா?”

“கேட்டா சார் சிரிக்கிறாரே தவிர, சொல்ல மாட்டேங்கிறார். வெட்கம்!”

வெட்கமா? இவருக்கா?

“எல்லாம் ராத்திரி விளக்குக்கு வர்ற பூச்சிங்க. பிடிச்சு வெச்சு, விடிஞ்சதும் சார் கையில குடுத்திடுவாங்களாம். இத்தனை வருஷத்துல ஒரு மாசம்கூட விட்டதில்ல.”

காலையில் வாக்கிங் என்று கிளம்புவாரே, அது எங்கே என்று இப்போது விளங்கியது.

“செத்த பூச்சியை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? குப்பையில கொட்ட வேண்டியதுதானே?”

“ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க! ஒரே இடத்துல வருஷா வருஷம் பிடிச்சதாலதான், வெயில் ஏற ஏற இதுங்க பருவத்துக்கு முன்னாடியே வர ஆரம்பிச்சது நமக்குத் தெரியுது. அந்தக் காலத்துக் காத்துல என்ன விஷம் இருந்துதுன்னுகூட இந்த இறக்கையைச் சோதிச்சுப் பார்க்கலாம். இதோ, இந்த வகை இப்ப எங்க தேடினாலும் கிடைக்கல. இந்தத் தட்டுல மட்டும்தான் இருக்கு. அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடணும்!”

கும்பிட வேண்டுமாம்!

“அவ பேராவது தெரியுமா?” மரியாதை பறந்துவிட்டது.

“பூச்சிக்குப் பூச்சி கீழே எழுதியிருக்கே. எங்கே, யார் பிடிச்சதுன்னு இல்லேன்னா இங்க பூச்சிக்கே மதிப்பில்ல. எழுத்துதான் ரொம்பப் பொடி.”

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று, கணவரின் கண்ணாடியையே மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

பூச்சியைக் குத்தியிருந்த ஊசியில், அதற்குக் கீழே நகத்தளவு சீட்டு. அவர் கையெழுத்துதான்.

‘சமையலறை ஜன்னல். சேகரித்தவர்...’

படித்துவிட்டு அடுத்த பூச்சியைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள்.

ஒன்றில்கூட ‘இந்தா’ என்று இல்லை. தட்டு முழுக்க, தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு, அவளுடைய பெயர்தான் இருந்தது.