ஹெர்மீனியா படித்த தத்துவம்

அசுன்சியோன் நகரப் பள்ளி ஒன்றில் துணைத் தலைமையாசிரியையாக இருந்த ஹெர்மீனியாவுக்குத் தலைமையாசிரியை ஆக ஒரே ஒரு கல்லூரிப் பாடம்தான் குறைந்தது. இணையத்தில் தத்துவ அறிமுக வகுப்பில் சேர்ந்தாள். முதல் நாளே கொட்டாவி வந்தது.

"வேலைவெட்டி இல்லாதவனுங்க பேச்சு!" என்று மடிக்கணினியை வேலைக்காரி நிமியாவிடம் தள்ளினாள். "துணி தேய்க்கிறப்ப இதையும் காதுல வாங்கிக்கோ. பதிலெல்லாம் எழுதி என் பேர்ல அனுப்பிடு."

"நான் எழுதினா அது பொய்யாகாதாம்மா?"

"உனக்கு இருக்கிற மூளைக்குக் கேள்வி வேறயா? மரமண்டை! சொன்னதைச் செய்."

நிமியா செய்தாள். வாராந்திரத் தேர்வுகளில் மதிப்பெண்கள் குவிந்தன. பள்ளியில் எல்லோரும் தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீர் குடிக்கும் இடைவேளையில் ஹெர்மீனியா உண்மை, அறம் என்று அளந்து தள்ளினாள்.

"உங்களுக்கெல்லாம் இது ஏறாதுடி," என்று மற்ற ஆசிரியைகளைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள்.

இறுதிக் கட்டுரை போய்ச் சேர்ந்த மறுவாரம் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது.

'உங்கள் கட்டுரை, இரண்டு நாள் முன்பே சக மாணவி அனுப்பிய கட்டுரையுடன் வரிக்கு வரி ஒத்துப்போகிறது. காப்பியடித்ததற்காக உங்களை நீக்குகிறோம். உங்கள் பள்ளிக்கும் தெரிவித்துவிட்டோம்.'

அந்த மாணவியின் பெயரும் இருந்தது. நிமியா பெனீத்தெஸ், வகுப்பில் முதலிடம்.

"அடிப்பாவி! நீ எப்படி வகுப்புல சேர்ந்தே?" என்று அலறினாள் ஹெர்மீனியா.

"கேட்கக் கேட்க நல்லா இருந்துச்சு, நானும் பேரைக் குடுத்துட்டேன்," என்றாள் நிமியா. "ஆனா வீட்டு வேலைக்கு நடுவுல, ரெண்டு பேருக்கும் தனித்தனியா யோசிக்கத்தான் நேரம் கிடைக்கலீங்கம்மா."