இருபத்திரண்டு படிகள்

ஜன்னல் கம்பிகளின் நிழலை மதிய வெயில் மேசைமேல் கோடு கோடாகக் கிடத்தியிருக்கிறது. நோயாளிகளை இலவசமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் தொண்டு நிறுவனத்தின் ஒற்றை அறை அது. தன்னார்வலராக வந்திருக்கும் கல்லூரி மாணவி, குப்பையாகக் கிடந்த பட்டியலைத் துலக்கிவிட்ட திருப்தியில் லேப்டாப்பை வேன் டிரைவர் பக்கம் திருப்புகிறாள். அவர் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி, ஒவ்வொரு பெயராக விரலால் தொட்டுக்கொண்டே போகிறார். விரல் நின்றுவிடுகிறது. “மாடிவீட்டுப் பெரியவரைக் காணோமேம்மா? நாளைக்கு அவருக்கு டயாலிசிஸ் ஆச்சே!” “ஒரே போன் நம்பர் முப்பத்தெட்டு தடவை இருந்துச்சுண்ணா. யாரோ தூக்கக் கலக்கத்துல அடிச்சிருக்காங்கன்னு ஒண்ணை மட்டும் வச்சுட்டு மிச்சத்தை எடுத்துட்டேன்.” “அந்த நம்பருக்கு ஒரு போன் போடு, பாப்போம்.” போடுகிறாள். டிரைவரின் சட்டைப்பையில் மணி அடிக்கிறது. அவர் அதை எடுக்காமல் பையைத் தட்டிச் சிரிக்கிறார். “போன் இல்லாதவங்க எல்லாம் என் நம்பரைத்தான் குடுப்பாங்க. தகவல் வந்தா நான் போய்க் கதவைத் தட்டிச் சொல்லிடுவேன்.” அவளுக்குக் காதுமடல் சுடுகிறது. விசைப்பலகையில் இரண்டு விரல் அழுத்தியதும் முப்பத்தேழு பெயர்களும் திரும்பி வந்து அவரவர் இடத்தில் உட்காருகின்றன. பட்டியலின் ஓரத்தில் புதிதாக ஒரு பத்தி சேர்த்து, ‘நேரில் போய்ச் சொல்ல வேண்டும்’ என்று தலைப்பிடுகிறாள். டிரைவர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். “பெரியவர் வீட்டுக்கு இருபத்திரண்டு படி. ரெண்டு ஆள் இருந்தாத்தான் தூக்கி இறக்க முடியும். இதையெல்லாம் எழுத அதுல இடம் இருக்காம்மா?” அவள் இன்னொரு பத்தியைத் திறக்கிறாள். “இருக்குண்ணா. அடுத்த வீட்டுக்கு எத்தனை படி?”