சிங்க ராணியின் வடகம்

காட்டில் மழை இலாகாவுக்குத் தொழில்நுட்பத் தலைவர் அம்பலவாணர் என்ற தவளை. தாமரை இலைதான் அவர் நாற்காலி. அதில் உட்கார்ந்து அவர் கத்தினால் மழை நிச்சயம் என்று காடே நம்பியது.

அந்த வருஷம் சிங்க ராஜா, தானாகவே யோசித்து மழை சொல்லும் பெட்டி ஒன்றைக் குளக்கரையில் கொண்டுவந்து வைத்தார். இனி நம்மை யார் கேட்பார்கள், நாற்காலி போச்சு என்று அம்பலவாணர் கவலைப்பட்டார்.

மறுநாள் காலையில் சிங்க ராணி வடக மாவோடு வந்து நின்றாள். "பெட்டி, இன்னைக்கு மழை வருமா?"

"நாற்பது சதவீதம் வரலாம் அம்மா."

"வடகம் பிழியட்டுமா, வேண்டாமா?"

"நாற்பது சதவீதம் அம்மா."

"அப்போ நூத்துக்கு அறுபது பிழிஞ்சாப் போதுமா?"

ராணி தவளைப் பக்கம் திரும்பினாள். "நீர் என்னய்யா சொல்றீர்?"

கேட்டுவிட்டாளே என்ற சந்தோஷத்தில் அம்பலவாணர், "தாராளமாப் பிழியுங்க, நான் பொறுப்பு" என்றார்.

மத்தியானம் மழை கொட்டியது. மூன்று பாறை நிறையப் பிழிந்திருந்த வடகமும் கஞ்சியாகிக் குளத்தில் இறங்க, மீன்கள் உப்புப் பார்த்துப் பார்த்துக் குடித்தன.

ராணி பெட்டியை அரை மணி நேரம் திட்டினாள். "தங்கள் கருத்துக்கு நன்றி அம்மா" என்றது பெட்டி. பிறகு அம்பலவாணரைத் திட்டினாள். அவர் குன்றினார், கூசினார், கண்ணை உருட்டி விக்கினார். ராணிக்கு வயிறு குளிர்ந்தது.

அம்பலவாணர் மெல்ல இலையைச் சுருட்டினார்.

"எங்கே கிளம்பிட்டீர்?"

"வேலைதான் போச்சே, ராணியம்மா."

"உட்காரும். நாளைக்கு அப்பளம் போடறேன். அந்தப் பெட்டிக்குத் திட்டு வாங்கவே தெரியலை."