மாவுக்கட்டு ஓட்டு

"வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே ரெகுலா மாவுக்கட்டின் கடைசிச் சுற்றை இழுத்துவிட்டாள்.

"ஒடியாத கை எப்படி வலிக்கும்?" என்றான் யோஸ்ட். ஜூரிக் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி தனக்கு மனைவியாக வரப்போகிறாளே என்று நினைக்க அவனுக்குக் கண் கலங்கியது.

ரயில் கம்பெனி புதுப் பெட்டிகள் வாங்க எடுக்கும் கடனுக்கு மாகாணம் ஜாமீன் நிற்கலாமா என்று இன்று கிளாரஸ் மைதானத்தில் ஓட்டு. சீட்டுப் போடுகிற ஓட்டில்லை, ஊரே பார்க்கக் கை தூக்க வேண்டும்.

'சம்மதம்' என்று தூக்காவிட்டால் ஆலை முதலாளி வேலைக்கு உலை வைப்பார். 'வேண்டாம்' என்று தூக்காவிட்டால் ரெகுலாவின் அப்பா மெல்கியோர் பெண் தரமாட்டார். வேலை போனால் போகட்டும், 'வேண்டாம்' என்றே தூக்கிவிடுகிறேன் என்று நேற்று அவளிடம் சொல்லியிருந்தான்.

ரெண்டையும் காப்பாத்தலாம் என்று அவள்தான் வழி சொன்னாள். வாரமெல்லாம் உட்கார இடம் கிடைக்காத ரயிலில் போய்வந்த களைப்பையும் பார்க்காமல், ஞாயிறு காலையிலேயே மாவுக்கட்டுச் சாமானோடு வந்து நின்றாள்.

மைதானத்தில் முதலாளி உச்சுக்கொட்டினார். "இடது கை நல்லாத்தானேப்பா இருக்கு?"

யோஸ்ட் வாயைத் திறப்பதற்குள் ரெகுலா அந்தக் கையைக் கோத்துக்கொண்டாள். புல் ஈரமாக இருக்கிறது, அவன் மறுபடி விழுந்துவைப்பான் என்றாள்.

அப்போது மெல்கியோர் வந்தார். அவருடைய இடது கையிலும் மாவுக்கட்டு. ஏணியிலிருந்து விழுந்துவிட்டாராம். மாமனாரும் மருமகனும் ஆளுக்கொரு மலையைப் பார்த்தார்கள். ரெகுலா நடுவில் நின்று அப்பாவின் வலது கையையும் பிடித்துக்கொண்டாள்.

வழக்கப்படி வாளை ஊன்றி மேடையில் நின்ற மாகாணத் தலைவர் முதலில் சம்மதம் கேட்டார். யோஸ்ட் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டான். ரெகுலாவின் பிடி ஒரு நிமிடம் விலகி, மறுபடி வந்து இறுகியது. அடுத்து 'வேண்டாம்' கேட்டார். பிடி இன்னும் இறுகியது.

எந்தப் பக்கம் கை அதிகம் என்று தலைவருக்குக் கண்ணளவில் பிடிபடவில்லை. இரண்டாம் தடவையும் தூக்கச் சொன்னார். கடைசியில், மயிரிழையில் 'சம்மதம்' ஜெயித்தது என்றார். முதலாளி சந்தோஷத்தில் யோஸ்டின் ஒடியாத கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

கன்றுக்கறி சாசேஜ் விற்கும் இடத்தில் மெல்கியோர் அவன் காதருகே குனிந்தார். "மாப்ள, என் கையும் ஒடியல. என் தம்பி ரயில் ஓட்டுறவன். 'வேண்டாம்'னு தூக்கினா அவன் மூஞ்சியில முழிக்க முடியாது, தூக்கலேன்னா மதுக்கடையில 'வேண்டாம்'னு கத்தின என் மானம் போயிடும். ரெகுலாதான் யோசனை சொன்னா. தங்கமான பொண்ணு. ஆகஸ்ட்ல கல்யாணத்த வெச்சுக்கலாம்."

யோஸ்டுக்கு அப்பாடா என்றிருந்தது. நிம்மதியாகச் சுற்றுமுற்றும் பார்த்தான்.

ரொட்டிக்கடைக்காரர் கையில் மாவுக்கட்டு. மதுக்கடை முதலாளி கையிலும் மாவுக்கட்டு. மாதம் முழுக்க 'வேண்டாம், வேண்டாம்' என்று தொண்டை கிழியக் கத்தியவர்கள், வரிசையாகக் கழுத்தில் தொட்டில் கட்டிய கையோடு நின்றார்கள். சறுக்கி விழ இப்போது பனிகூட இல்லையே?

மெதுவாக ரெகுலாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் சாசேஜை நறுக்கி அவன் வாயில் ஊட்டினாள்.

"எங்க வார்டு நர்ஸுங்க அத்தன பேரும் அதே ரயில்லதான் நின்னுக்கிட்டே போறோம்."